மூடி இல்லாத பை

எங்கள் ஊரில் பை தைக்கிறவர்கள் எல்லோரும் குரங்குக்குப் பயந்துதான் தைக்கிறோம். வேங்கிக்காலில் வீட்டு மாடியில் ஐந்து மிஷின் போட்டுப் பள்ளிக்கூடப் பை, ஆபீஸ் பை, கிரிவலம் வருகிறவர்களுக்குத் தோள் பை என்று தைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பையாக இருந்தாலும் வாய்க்கு ஒரு ஜிப், ஜிப்புக்கு மேல் ஒரு மூடி, மூடிக்கு ஒரு பக்கிள். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு எதற்கு இத்தனை கட்டுக்காவல் என்று சிரிப்பார்கள். ஒருமுறை மலையைச் சுற்றி வந்து, பிஸ்கட் பாக்கெட்டோடு மூக்குக் கண்ணாடியையும் பறிகொடுத்த பிறகு அவர்களே திரும்பி வந்து வாங்கிப் போவார்கள். சிரித்தவர்களிடம் நான் ஒன்றும் சொல்லிக் காட்டுவதில்லை. கொஞ்சம் முறைப்பேன், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் என் தம்பியின் முதுகில் விடியும் என்று நான் நினைக்கவில்லை.

தம்பி அப்போது பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். வேலை என்றால், ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பது. அவர் பந்தை எந்தப் புதரில் அடித்தாலும் போய்த் தேட வேண்டும், கேட்கிற மட்டையை உருவிக் கொடுக்க வேண்டும், வாங்கித் துடைத்துத் திரும்பப் பையில் போட வேண்டும். திங்கட்கிழமைகளில் மைதானம் காலியாக இருக்கும். அன்றைக்கு மட்டும் பை தூக்குகிறவர்களையும் ஆட விடுவார்கள். அப்படித் திங்கட்கிழமை திங்கட்கிழமையாக ஆடியே அவன் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். எவ்வளவு கெட்டிக்காரன் என்று கேட்காதீர்கள். அவ்வளவு பெரிய புல்வெளியில் அவ்வளவு சின்ன குழியை ஏன் தேடிப் போகிறார்கள் என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அம்மாவுக்கு அந்த வேலை ஆரம்பத்திலிருந்தே ஆகாது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக அவளுக்கு ஒரு கடை இருக்கிறது. தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், கற்பூரம், பன்னீர் சோடா. பௌர்ணமிக்கு ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது. தம்பி எப்போது ஊருக்கு வந்தாலும் சோறு போடும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"ஊரான் பையத் தூக்கறதுக்கா உன்னப் பெத்தேன்? இங்க கட இருக்குது. வந்து ஒக்காரு."

அவன் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொள்வான்.

பிறகு முதுகு போனது. வருஷக்கணக்காக ஒரே தோளில் ஒற்றை வார்ப் பையை மாட்டி நடந்ததில் இடுப்பெலும்புப் பக்கம் ஏதோ நழுவிவிட்டது என்றார் டாக்டர். ஒரு தோளில் கனம் கூடாது, அடிக்கடி குனியக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதே சமயத்தில் அந்த மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க, பை தூக்குகிறவர்களிலிருந்தே ஒருவரை எடுக்கப் போவதாக அறிவித்தார்கள். மூன்று நாள் ஆட வேண்டும். அவரவர் பையை அவரவரே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஆள் வைக்கக் கூடாது, தள்ளுவண்டி கூடாது. தேர்வாகிவிட்டால் அப்புறம் ஒருத்தர் பையையும் தொட வேண்டியதில்லை.

அவன் அம்மாவிடம் போனிலேயே சத்தியம் செய்து கொடுத்தான். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தடவ முதுகு தாங்கலன்னா, சத்தியமா கடைக்கே வந்துடறேம்மா."

அம்மா உடனே கடையில் அவனுக்கு எங்கே நாற்காலி போடலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அடுத்த போன் வந்தது.

"க்கா, எனக்கு ஒரு பை தைச்சுக் குடு. ரெண்டு தோள்லயும் மாட்டற மாரி. வெயிட்டு கம்மியா இருக்கணும். கடையில விக்கறதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாவாது."

மட்டைகளைப் பழைய போர்வையில் சுருட்டிக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, பந்தல் போடுகிறவனா என்று கேட்டாராம். கூடவே, மைதானத்துக் குப்பையில் கிடந்த ஒரு கிழிந்த பையிலிருந்து கழற்றிய இரண்டு மெல்லிய அலுமினியக் கால்களையும் கொண்டு வந்திருந்தான். பையைத் தரையில் ஊன்றினால் இந்தக் கால்கள் விரிந்து அதைச் சாய்வாக நிறுத்தும் என்றான். தூக்கிப் பார்த்தேன். இது வேறு எதற்குக் கனம் என்று மூலையில் வைத்துவிட்டேன்.

கட்டிங் டேபிளில் மட்டைகளை வரிசையாகப் படுக்க வைத்தோம். பதினான்கு. அதற்கு மேல் ஒன்று வைத்திருந்தாலும் விதிப்படி தப்பாம். ஒவ்வொன்றும் ஒரு நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை. எல்லாவற்றையும் ஒரே குழாயில் போட்டால் பிடிகள் அடியில் சிக்கிக்கொள்ளும், ஒன்றை இழுத்தால் இரண்டு வரும் என்றான். அதனால் உள்ளே நான்கு அறை வைத்தேன். வாயில் மட்டும் தடுப்பு வைக்காமல் லைனிங் துணியையே அடிவரைக்கும் சுவர் மாதிரி இறக்கினேன். நீள மட்டைகளுக்குப் பின் அறை, குட்டைக்கு முன் அறை. பந்துப் பையை முதுகை ஒட்டின மாதிரி கீழே, தண்ணீர் பாட்டிலைக் கை எட்டுகிற பக்கத்தில். வார் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையைச் சுற்றி நடந்து தோள் பட்டை சிவந்துபோய் வருகிறவர்களை வருஷம் முழுக்கப் பார்க்கிறேன். அகலமான பெல்ட், உள்ளே ஃபோம், கழுத்துப் பக்கம் குறுக்கல், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சின்ன பக்கிள்.

கடைசியாக வாய்க்கு வந்தேன். யோசிக்கவே இல்லை. சுற்றி ஜிப், மேலே மூடி, மூடிக்கு இரண்டு பக்கிள்.

தம்பி மாட்டிப் பார்த்தான். மாடியில் நாலு நடை நடந்தான். பக்கிளை இரண்டு தரம் போட்டுக் கழற்றினான்.

"லாக் சூப்பரா இருக்குதுக்கா."

அவன் அத்தனை வருஷமாக வாய் திறந்த பைகளைத்தான் தூக்கியிருக்கிறான். அப்படிப்பட்டவனே இப்படிச் சொன்னான்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் என் வீட்டுக்காரர் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடிந்து வெறும் மண்ணாகக் கிடந்தது. அங்கே போய் ஆடிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. "ஆடறதுன்னா நல்லா ஆழமா அடிக்கச் சொல்லு, ஒரு உழவு மிச்சம்" என்றார் என் வீட்டுக்காரர். நான் வரப்பில் வேப்ப மர நிழலில் உட்கார்ந்தேன்.

தம்பி பையை இறக்கிப் படுக்க வைப்பான். குனிந்து இரண்டு பக்கிளையும் எடுப்பான், ஜிப்பைச் சுற்றித் திறப்பான், மட்டையை உருவுவான், அடிப்பான். திரும்பி வந்து குனிந்து போடுவான், ஜிப், பக்கிள். தரையிலிருந்து தூக்கி மாட்டுவான். பந்து விழுந்த இடத்துக்குப் போய் மறுபடியும் அத்தனையும். நான் பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, இதைப் பார்க்கவில்லை. திடீரென்று ஆளைக் காணோம். வயலின் நடுவில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடினேன். முகமெல்லாம் வேர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"வெயிட்டாடா? ஜாஸ்தி ஆயிடுச்சா?"

"வெயிட்டெல்லாம் இல்லக்கா. தோள்ல இருக்கறதே தெரியல. குனிஞ்சு குனிஞ்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். பையைத் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"ஏன்டா, அங்க இருக்கற பைக்கெல்லாம் மூடி இருக்குதா?"

"ஆடும்போது ஒண்ணுத்துக்கும் கெடையாது."

"அப்புறம் நான் வெக்கும்போது வாயில என்னா வெச்சிருந்த?"

"நீ வெச்சப்ப சரின்னுதான்க்கா பட்டுது. நம்ம ஊர்ல தொறந்த பைய எடுத்துக்கினு எவன் நடப்பான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் மேல் பாதி, என் மேல் பாதி. குரங்கே இல்லாத ஊரில் ஆடப்போகிறவனுக்கு அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து குரங்குக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம். டாக்டர் கனத்தையும் சொன்னார், குனிவதையும் சொன்னார். நான் கனத்தை மட்டும் காதில் வாங்கியிருக்கிறேன். அவனைக் கைத்தாங்கலாக எழுப்பி வண்டியில் ஏற்றும்போது பயமாகவும் இருந்தது. போட்டிக்கு முன்னாலேயே முதுகை நானே முடித்துவிட்டேனோ?

நல்லவேளை, சில நாள் படுத்ததில் எழுந்துவிட்டான். அதற்குள் நான் முதல் பையை முழுசாகப் பிரித்தேன். மூடியைக் கழற்றும்போது கை கூசியது. ஒரு பையை வாய் திறந்தபடி முடிப்பது எனக்குத் தலை சீவாமல் தெருவுக்குப் போகிற மாதிரி. பிளாஸ்டிக் பைப்பைச் சூடாக்கி வளைத்து, வாய் எப்போதும் விரிந்தே நிற்கும்படி சுற்றிலும் வைத்துத் தைத்தேன். மூலையில் போட்ட அலுமினியக் கால்களைத் தேடி எடுத்துப் பொருத்தினேன். அடியில் கெட்டி ரப்பர். இப்போது பையை லேசாக ஊன்றினால் கால்கள் விரிந்து, இடுப்பு உயரத்துக்கு வாயைக் காட்டிக்கொண்டு நின்றது. நின்ற வாக்கிலேயே மட்டையை உருவலாம், போடலாம், தோளில் மாட்டலாம். கனம் கூடித்தான் போயிற்று. அவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நீளமான மட்டைகளின் தலைக்குப் போட, மிச்சமிருந்த மஞ்சள் துணியில் நாலு குல்லாயும் தைத்தேன்.

நடந்து பார்க்க இந்த முறை மலையைச் சுற்றிக் கூட்டிப் போனேன். மூன்று நாள் நடக்கப் போகிறவன் ஒரு சுற்றாவது நடக்கட்டும். வழியில் ஒரு வெளியூர் அம்மாள் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்தக் கோயிலுக்கு வேல் போவுது சாமி?" என்று கேட்டார். தம்பி கும்பிட்டு வைத்தான்.

அடி அண்ணாமலைக்கு வந்ததும் அம்மா கடை முன்னால் பையை நிறுத்திவிட்டு அவன் உள்ளே சாப்பிடப் போனான். அம்மா பையை ஏற இறங்கப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கூரையில் குரங்கு ஒன்று உட்கார்ந்திருந்ததை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. ஒரே தாவு. மஞ்சள் குல்லாயை மாம்பழம் என்று நினைத்ததோ என்னவோ, பிடுங்கிக்கொண்டு கூரைக்கே போய்விட்டது. கடித்துப் பார்த்துத் துப்பியது. இரண்டாவதுக்கு இறங்கி வருவதற்குள் அம்மா குச்சியோடு பாதைக்கே இறங்கிவிட்டாள்.

அதை விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, ஊருக்கெல்லாம் மூடி வெச்சுத் தெக்கற. உன் தம்பிக்கு வெக்கத் தெரியலயா?"

"வெச்சா அவன் குனியணும்மா."

"எத்தினி தடவ குனிவான்?"

"ஒவ்வொரு தடவ அடிக்கவும் குனியணும். வயல்ல பாத்தேன். வலி தாங்காம மல்லாந்து படுத்துட்டான்."

வயலில் நடந்ததை அதுவரை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் முதுகை எட்டிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் பைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குச்சியை மடியில் குறுக்கே வைத்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வந்தவர்களை, "நீயே எடுத்துக்கபா" என்று சொல்லிவிட்டாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை எழுந்திருக்கவில்லை.

போட்டியின் கடைசி நாள் சாயங்காலம் போன் வந்தது.

"க்கா, கெடைக்கல. ரெண்டாவதா வந்தேன். ஒருத்தரத்தான் எடுத்துக்கினாங்க."

நான் மிஷினை நிறுத்தினேன். குல்லாய் இல்லாத மட்டை என்ன ஆயிற்று என்று கேட்டேன். சாக்ஸ் போட்டு ஆடினானாம். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

அடுத்த பௌர்ணமிக்கு அவன் பையோடு ஊருக்கே வந்துவிட்டான். அம்மா கேட்காமலே கடை நாற்காலியில் போய் உட்கார்ந்தான். பழத்தைச் சீப்புச் சீப்பாகப் பிரித்து அடுக்கினான், சில்லறை கொடுத்தான். ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். அம்மா ஆசைப்பட்டது இதுதான், ஆனால் அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது அவன் முன்னால் வந்து நின்றாள்.

"முதுகு வலிச்சுதா?"

"இல்லம்மா."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும் வலிக்கலம்மா."

"முதுகு தாங்கலன்னாதான கடைக்கு வரேன்னு சொன்ன? அதான் தாங்குதே. இங்க எதுக்கு ஒக்காந்துக்கினு இருக்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பழச் சீப்பைப் பார்த்தேன்.

"அடுத்த வருஷமும் வெப்பாங்க இல்ல? போய் அடி. அதுவரைக்கும் ஊரான் பையத் தூக்க உன் அக்கா ரெட்ட வார் தெச்சுத் தருவா. எழுந்திரு, நாற்காலியில தண்ணி கேஸ் வெக்கணும்."

மறுநாள் காலையில் அவனை பஸ் ஏற்ற நாங்கள் இருவரும் போனோம். அவன் டீ குடிக்கப் போனபோது பை ரோட்டோரம் தன் இரண்டு காலில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அம்மா கையோடு குச்சியைக் கொண்டுவந்திருந்தாள். பஸ் வருகிறவரை அதன் பக்கத்திலேயே நின்றாள்.