தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்த ஆண்டு

மலாயாவில், கோலா சிலாங்கூருக்கு வடக்கே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் எஸ்டேட்டுக்கு நான் மணமாகி வந்தபோது, காட்டுக்குள் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் தொடங்கிவிட்டிருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலிக்கு ஒரே வாசல். வாசலைக் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுள் என் கணவரும் ஒருவர். அதுவரை ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காக்கிச் சட்டை மாட்டி நிறுத்தியிருந்தார்கள்.

துப்பாக்கி இருந்தது, தோட்டாவுக்குத்தான் பஞ்சம். முதலில் குறிபார்த்துச் சுடும் பயிற்சியை நிறுத்தினார்கள். அப்புறம் மரவள்ளியைக் கிளறிய காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது என்றார்கள். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டைக்கூடத் திருப்பித் தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. டவுனில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, எனக்குப் பங்கீட்டு அரிசி அளந்துகொண்டே, வெளியே ஒரு தோட்டா ஒரு வெள்ளிக்குப் போனது, இப்போது மூன்று வெள்ளி என்கிறார்கள் என்றார். வாங்குவது யார் என்று நான் கேட்கவில்லை. கான்ஸ்டபிளின் மனைவியிடம் இதை இவர் ஏன் சொல்கிறார் என்ற எண்ணம் மட்டும் வீடுவரை என்னோடு வந்தது.

ஒருவரையொருவர் அப்படி ஐயத்தோடுதான் பார்த்தோம். வேலைக்காட்டிலிருந்து பிந்தி வந்தவள், வழக்கத்தைவிடக் கூடுதலாக மீன் வாங்கியவன், எல்லோர்மீதும் ஒரு கண். தோட்டாவை மறைத்து வைத்திருந்தால் மரணதண்டனை என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த நாளில்தான் என் கணவர் எனக்கு ஒரு சோடித் தங்கக் கம்மல் வாங்கிவந்தார். தம் அக்காள் வீட்டில் விட்டிருந்த ஆட்டை விற்ற பணம் என்றார். அக்காள் இருந்தது சபாக் பெர்ணம் பக்கம். அனுமதிச் சீட்டு இல்லாமல் போய்க் கேட்டுவர முடியாது. குழாயடியில் ஒருத்தி என் காதைப் பார்த்துவிட்டு, "போலீஸ்காரர் வீட்டுல வெள்ளி நல்லா வருதுபோல லா" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆயுத பூசை வந்தது. மாரியம்மன் கோயிலில் பால் வெட்டும் கத்திகளையும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாரின் தட்டச்சுப் பொறியையும் வைத்த வரிசையில், துப்பாக்கிகளுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தோம். என் கணவர் தம் பங்குத் தோட்டாக்களில் ஒரு கட்டை, ஒரே தகட்டில் செருகிய ஐந்து தோட்டாக்களை, பொரி கடலைத் தட்டின் அருகே வைத்தார். வயதான பூசாரி தீபாராதனை காட்டிவிட்டு, பெரிய வெள்ளைப் பூசணியைத் துளையிட்டுக் குங்குமமும் சில்லறையும் நிரப்பி, எல்லோரையும் சுற்றி, வாசலருகே கொண்டுபோய் உடைத்தார். அதே நேரம் போலீஸ் லோரி ஒன்று வாசலுக்கு வர, கூட்டம் சிதறியது, மழையும் பிடித்துக்கொண்டது.

மறுநாள் எண்ணிப் பார்த்தபோது அந்த ஐந்து தோட்டாக்கள் இல்லை.

என் கணவரைக் காவல் கொட்டகையில் அடைத்தார்கள். லயம் முழுவதையும் புரட்டினார்கள். அரிசிப் பானையில் கைவிட்டார்கள், சாமி படத்தின் பின்புறம் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. ஆபீஸின் யாழ்ப்பாணத்துக் கிராணியார் என்னை அழைத்து, வார முடிவுக்குள் பொருள் கிடைக்காவிட்டால் வழக்கு கோலாலம்பூருக்குப் போகும், அங்கே போனால் தம்மால் பேச இயலாது என்று தணிந்த குரலில் சொன்னார். பேசும்போது அவர் பார்வை என் கம்மலில் நின்றது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி மஞ்சள் டப்பாவுக்குள் போட்டேன்.

விடியலில் பதிகம் பாடாமல் நான் அடுப்பு மூட்டுவதில்லை. பிறந்த வீட்டிலிருந்து வந்த வழக்கம். அந்த நாள்களிலும் நா தானாகப் பாடியது. அஞ்சுவது எதுவும் இல்லை என்று வாய் சொல்ல, ஆடு உண்மையில் விற்றதா என்று மனம் கேட்கும். ஐந்தெழுத்தை எண்ண எடுத்த விரல் ஐந்து தோட்டாக்களை எண்ணும். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை.

பூசாரியைக் கவனித்தது அப்போதுதான். திருநீறு கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உச்சிவேளையில் ஒரு குச்சியோடு வாசலோரச் சாக்கடைக் கானருகே வந்து நிற்பார். காவல்காரர் திரும்பினால் கோயில் பக்கம் போய்விடுவார். அடுத்த நாளும் அப்படியே. காட்டுக்குள் இருந்தவர்களுக்குப் பொருள் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இத்தகைய இடங்களைத்தான் தேர்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அம்மன் காலடியில் இருந்ததை இவர்தான் எடுத்தாரோ என்று ஐயுற்றேன்.

அவர் அகன்றதும் நான் போய்க் குனிந்து பார்த்தேன். கானில் வேறொன்றும் இல்லை. கூட்டுகிறவள் விளக்குமாற்றின் நுனியால் தள்ளிவிட்ட பூசணித் துண்டுகள் அழுகிக்கிடந்தன. திருஷ்டி கழித்த பூசணியை எவரும் தொடமாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி கிட்டவும் போகக்கூடாது. லயத்தையே புரட்டிய எங்கள் ஆள்கள் வாசலுக்கு வரும்போதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். கவிழ்ந்து கிடந்த ஒரு பெரிய துண்டின் அடியில் பித்தளை மின்னிற்று. அம்மா என்று ஒரு முறை சொல்லிக்கொண்டு விரலால் துண்டைப் புரட்டினேன். குங்குமச் சேற்றில் ஐந்து தோட்டாக்களும் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

கையில் எடுத்தால் நானே குற்றவாளி. ஆகவே அங்கேயே உட்கார்ந்து கிராணியாரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, இதை நான் தொடமாட்டன். வேற ஆரையும் கூப்பிடும்."

எங்கள் கான்ஸ்டபிள்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் வாசலில் நின்ற மலாய்க்காரக் கான்ஸ்டபிள் ஒருவர் இறங்கி, இதற்கா இத்தனை பேர் என்பதுபோல எங்களைப் பார்த்துவிட்டு, தோட்டாக்களைத் தகட்டோடு எடுத்துத் தம் கால்சட்டையில் துடைத்தார்.

பூசாரி தாமாகவே வந்து ஒப்புக்கொண்டார். துப்பாக்கி தூக்கும் பையன்களின் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்று, சில்லறையோடு சேர்த்துத் தோட்டாவையும் பூசணிக்குள் போட்டாராம். உடைத்ததும் பொறுக்கிக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறார். லோரியும் மழையும் வந்து கெடுத்தன. மரணதண்டனைப் பேச்சைக் கேட்டபின் வெளியே சொல்லப் பயந்து, ஆளில்லாத நேரம் பார்த்துக் குச்சியால் தேட வந்திருக்கிறார். மெய்யாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வெள்ளி விலையையும் அவர் கேள்விப்பட்டிருப்பார் அல்லவா? அதன்பின் அவர் கையால் திருநீறு வாங்கும்போதெல்லாம் அந்த ஐயம் என் விரல்நுனி வரை வந்து நிற்கும்.

அன்று மாலையே என் கணவர் வீடு வந்தார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் என் வெறுங்காதைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே, "பாஸ் கிடைச்சதும் அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வா, புள்ள. ஆட்டுக்கொட்டாய் காலியா இருக்கும். பாத்துட்டு வந்து கம்மலைப் போட்டுக்க" என்றார்.

நான் போகவில்லை. மஞ்சள் டப்பாவைத் திறந்து அவர் எதிரிலேயே மாட்டிக்கொண்டேன்.

பிள்ளை பிறந்தபோது அக்காள் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், தம்பியின் கிடாயை வாங்கியவன் சொன்ன விலையை உடனே கொடுக்காமல் இழுத்தடித்த பிறகே கொடுத்ததாகக் குறைபட்டுக்கொண்டார். கதவோரம் நின்று துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.