பார்க்காமல் எழுதிய படிவம்

எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. வணிகவியல் பாடம் எடுப்பது போக, கூடுதலாக என் தலையில் கட்டியது. எஃப்.டி.பி. என்போம். பேனர் அடிப்பது, விருந்தினருக்குச் சால்வை வாங்குவது, சாப்பாட்டுக்குப் பிறகு நழுவப் பார்க்கிறவர்களை வாசலில் மடக்குவது, கடைசி நாள் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது. தாம்பரம் பக்கத்தில் இதை என்னைப்போல் ஒழுங்காக நடத்த ஆளில்லை என்று பெயர் வேறு. ஆனால் மேடையில் மைக்கைப் பிடித்தால் கடைசி வரிசையை மட்டும் பார்க்க மாட்டேன். பார்த்தால் அங்கே அவர் உட்கார்ந்திருப்பார். அவர் செத்துப்போகவில்லை, இப்போது கீழ்க்கட்டளையில்தான் குடியிருக்கிறார். உயிரோடு இருக்கிறவர்கள் ஆவியாக வரமாட்டார்கள் என்று யார் சொன்னது?

அவர் கணிதத் துறை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கல்லூரி பஸ்ஸில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏறி, எனக்கு முந்தைய சீட்டில் உட்காருவார். தலையை ஆட்டுவதோடு சரி, அதிகம் பேச மாட்டார். ஒருநாள் காலையில் என் பக்கத்து இடம் காலியாக இருந்ததைப் பார்த்து அங்கே வந்து உட்கார்ந்தார்.

“மேடம், ஒரு ஹெல்ப் வேணும்.”

“சொல்லுங்க சார்.”

“கிளாஸ்ல திடீர்னு நின்னுடறேன். பாடம் தெரியாம இல்ல. பேச்சு வரமாட்டேங்குது. ரெண்டு வருஷம் ஆன்லைன்ல வெறும் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் பேசினோம் இல்லியா? அப்ப ஆரம்பிச்சது. இப்ப பசங்க எதிர்ல உட்கார்ந்திருக்காங்க, ஆனாலும் யாருமே இல்லாத மாதிரி இருக்கு.”

டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம், மாத்திரையும் சாப்பிடுகிறாராம். “நீங்க ஒரு பீரியட் வந்து பின்னாடி உட்காருங்க. எங்க தப்பு பண்றேன்னு பார்த்துச் சொல்லுங்க. டிபார்ட்மெண்ட்ல கேட்டா விஷயம் மேல போயிடும். நீங்கதானே டிரெய்னிங் பார்க்கிறீங்க?”

“கண்டிப்பா வரேன் சார். இந்த இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்,” என்றேன்.

இன்ஸ்பெக்ஷன் முடிந்தது. அப்புறம் உள்தேர்வு, அப்புறம் கல்லூரி விழா. பஸ்ஸில் அவர் திரும்பிப் பார்ப்பார், நான் கைப்பேசியைப் பார்ப்பேன். எங்கள் மாடியைக் கூட்டுகிற அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “மேடம், அந்தக் கணக்கு சார் போர்டாண்ட சும்மா நின்னுகினு கீறாரு. பசங்க சிரிக்கிறானுங்க. பார்க்கவே பேஜாரா கீது. யாராச்சும் போய் இன்னான்னு கேளுங்க.” சரிக்கா, கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு ஆசிரியரும் இன்னொருவர் வகுப்பில் போய் உட்கார்ந்து, எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். சட்டப்படி அப்படி. யாரும் போவதில்லை. கடைசித் தேதியன்று ஸ்டாஃப் ரூமில் டீயும் சமோசாவும் வரவழைத்து, நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன் என்று முடித்துவிடுவோம். குரல் வளம் ஐந்துக்கு ஐந்து, கரும்பலகைப் பயன்பாடு ஐந்துக்கு ஐந்து. படிவங்களை வாங்கி அடுக்குகிறவளே நான்தான். வேலியே பயிரை மேய்கிற கதை.

அந்தப் பருவம் அவர் பெயருக்கு எதிரே யாரும் எழுதியிருக்கவில்லை. நானே எழுதினேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவர் வகுப்புக்குப் போகவில்லை என்ற குற்ற உணர்ச்சி வேறு உறுத்தியதால் கை தாராளமாகவே ஓடியது. எல்லாவற்றுக்கும் ஐந்து. குறிப்பு என்ற கட்டத்தில், ‘தங்குதடையின்றிப் பாடம் நடத்துகிறார். மாணவர்கள் கட்டுண்டு கேட்கிறார்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து என்னுடையது.

இரண்டு வாரத்தில் மாணவன் ஒருவன் எடுத்த வீடியோ பெற்றோர்களிடம் சுற்றி, முதல்வரிடம் வந்துவிட்டது. அவர் பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நிற்கிறார். நிற்கிறார், அவ்வளவுதான். பின்னால் பிள்ளைகள் சிரிப்பது கேட்கிறது. விசாரணை வைத்தார்கள். அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: எனக்கு வகுப்பில் முடியவில்லை, ஒரு பருவம் டைம் கொடுங்கள், யாராவது உதவி செய்தால் சரியாகிவிடுவேன் என்று. முதல்வர் யோசித்திருக்கிறார். அப்போது நிர்வாகத்திலிருந்து வந்தவர் கோப்பைப் புரட்டி என் படிவத்தை எடுத்திருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

நான் உள்ளே போனபோது அவர் மேசைக்கு இந்தப் பக்கம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

“மேடம், இது நீங்க எழுதினதா?” என்றார் நிர்வாகத்துக்காரர்.

“ஆமா சார்.”

“தங்குதடையின்றின்னு எழுதியிருக்கீங்க. இவர் பேச்சே வரலங்கிறார். நீங்க வந்து உட்கார்ந்தா வருது, பசங்க மட்டும் இருந்தா வராதா? அப்ப முடியாம இல்ல, வேணும்னேதானே பண்றார்? நேராச் சொல்லுங்க. நீங்க கிளாஸுக்குப் போனீங்களா, இல்லியா?”

போகவில்லை என்று சொன்னால் அவருக்கு அந்த ஒரு பருவம் கிடைத்திருக்கும். எனக்கு அது அப்போதே தெரியும், தெரியாமல் சொன்னேன் என்று சப்பைக்கட்டுக் கட்ட மாட்டேன். ஆனால் அலமாரியில் இருந்த அத்தனை படிவமும் பொய் என்றாகியிருக்கும், முதலில் என் வேலை போயிருக்கும். பயந்துவிட்டேன். சீ, என்ன பிழைப்பு.

“போனேன் சார்,” என்றேன்.

முதல்வர் அவரிடம் திரும்பினார். “வந்தாங்களா சார்?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் எத்தனை பயந்திருக்கிறேன் என்பதை அளந்து பார்ப்பதுபோல் இருந்தது.

“வந்தாங்க சார். கடைசி பெஞ்சுல உட்கார்ந்தாங்க.”

அதோடு முடிந்தது. வேண்டுமென்றே வேலை செய்யாதவர் என்று எழுதுவதற்குப் பதிலாக, அவரே ராஜினாமா கொடுத்துவிட்டதாக முடித்தார்கள். அதைச் சலுகை என்றார்கள்.

வராந்தாவில் பின்னாலேயே ஓடினேன். “ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?” என்று அவரையே கேட்டேன், பாருங்கள் என் துணிச்சலை.

“நீங்களும் போயிட்டா என்ன லாபம் மேடம்?” என்றார். மணியைப் பார்த்தார். “அடுத்த பீரியட் எனக்கு கிளாஸ் இருக்கு. இன்னியோட கடைசி. இப்ப வந்து உட்காருறீங்களா?”

போனேன். அரங்கில் அடுத்த நாள் பயிற்சிக்கு பேனர் கட்ட ஆள் காத்துக்கொண்டிருந்தான், காத்திருக்கட்டும் என்று விட்டேன். கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர் பலகையில் நிகழ்தகவு என்று எழுதிவிட்டுத் திரும்பினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முன் பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. அவர் கண் ஒவ்வொரு வரிசையாகத் தாண்டி என்னிடம் வந்தது. நான் தலையாட்டினேன். வேறெதுவும் செய்யவில்லை, மேலே சொல்லுங்கள் என்று ஆட்டினேன்.

ஆரம்பித்தார். பையில் இருக்கிற சிவப்புப் பந்து, நீலப் பந்து என்று தொடங்கி, பல்லாவரம் சந்தையில் எலுமிச்சம்பழம் பொறுக்குவதில் வந்து நின்று, எனக்கே கணக்கு புரிகிற மாதிரி எடுத்தார். இடையில் இரண்டு இடத்தில் நின்றார். இரண்டு தடவையும் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன், தொடர்ந்தார். பிள்ளைகள் எப்போது சிரிப்பை விட்டார்கள், எப்போது எழுத ஆரம்பித்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இவ்வளவுதானா? இதற்குத்தானா அந்த மனிதர் இத்தனை மாதம் பஸ்ஸில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்?

மணி அடித்து எல்லோரும் போன பிறகு அவர் பலகையைத் துடைத்தார். நான் பெஞ்சைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவராகவே கிட்டே வந்து, கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார்.

“ரொம்ப தேங்க்ஸ் மேடம். நீங்க எழுதினது இப்ப பொய் இல்ல,” என்றார்.

குத்திக்காட்டவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்.