செபஸ்தியான் செய்த காகிதக் கன்று

போன் அடித்தபோது என் வலது கை முழங்கை வரை ஒரு பசுவின் உள்ளே இருந்தது. மாட்டுக்காரர்தான் போனை எடுத்து என் காதில் வைத்தார். "டாக்டரம்மா, அவரு போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு, அவ்வளவுதான்" என்றார் ரெஜினா. எங்கள் கால்நடை மருந்தகத்தில் என்னோடு வேலை பார்த்த உதவியாளர் செபஸ்தியானின் மனைவி. சினை நின்றிருக்கிறதா என்று பார்த்து முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தேன். பாதியில் விட்டிருந்தால் அவரே என்னைத் திட்டியிருப்பார்.

அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ஒப்பாரி வைக்க எனக்கு வரவில்லை. அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. அந்த மனுஷன் செய்து வைத்த காரியம் அப்படி.

ஏலாக்குறிச்சியில் அவர் வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்தக் கூடம் தெரியும். கிறிஸ்துமஸ் குடிலுக்கென்று ஆரம்பித்து மாடு, கழுதை, ஏழெட்டு ஆடு, ஒரு ஒட்டகம் என்று உட்கார இடமில்லாமல் ஆக்கிவிட்டார். எல்லாம் பழைய பேப்பர். கிழித்து ஊறவைத்து, வெந்தயத்தோடு கிரைண்டரில் அரைத்து, மூங்கில் பட்டையில் கட்டிய கூட்டின்மேல் அப்புவார். "இட்லியில எழுத்து தெரியுதுங்க" என்று ரெஜினா என்னிடம் புகார் சொல்வார். ஒட்டகத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. கழுத்து வாத்துக் கழுத்து. சொன்னேன். "நம்ம கோயில் பங்குல ஒட்டகம் பாத்தவங்க யாரும் இல்லீங்க" என்றார், சிரிக்காமல்.

போன வருஷம் விக்கிரமங்கலம் தனபாக்கியத்தின் பசு ஈன்ற பத்தாம் நாள், கன்று கழிச்சலில் செத்துப்போனது. நோயில் செத்ததால் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொன்னவள் நான்தான். தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தாய்க்கு முன்னால் நிறுத்துவார்களே, அந்த வழியும் அதோடு அடைபட்டது. பசு பாலை இறக்க மறுத்தது. மடி கல்லாகிவிட்டது. வேளைக்கு வேளை நான் ஊசி போட்டேன். எத்தனை நாள் போடுவது? அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. "புதன்கெழம வண்டியோட வரேன்னு யாவாரி சொல்லிட்டான்" என்றார் தனபாக்கியம். அடிமாட்டு வியாபாரி. அன்றைக்கு வெள்ளி.

திரும்பி வருகையில் பைக்கை ஓட்டிக்கொண்டே செபஸ்தியான், "கன்னுக்குட்டி ஒண்ணு செஞ்சு பாக்கட்டுமாங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாடு என்ன, உங்க குடில் பாக்க வர்ற கூட்டமா? மோந்தா தெரிஞ்சிடாது?" என்றேன். 

ஞாயிற்றுக்கிழமை மாலை காகிதக் கன்றைப் பைக்கில் கட்டிக்கொண்டு தனபாக்கியம் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். நெற்றியில் செத்த கன்றுக்கு இருந்த அதே வெள்ளைச் சுட்டி, அதே ஒல்லிக் கால். தெருவே கூடிவிட்டது. பசு கிட்டே வந்து மோந்தது, ஒருதரம் நக்கியது.  அடுத்த நொடி அது கன்றின் இடது காதைக் கடித்துத் தின்றுவிட்டது. பேப்பரை ஒட்டியிருந்தது மைதாப் பசை! சுவரொட்டி தின்று வயிறு ஊதி வரும் மாடுகளுக்கு வாரந்தோறும் மருந்து ஊற்றுகிறோம், கால்நடைத் துறையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. கூட்டம் சிரித்தது. தனபாக்கியம், "பெத்ததயே திங்க வச்சிட்டீங்களேய்யா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செபஸ்தியானின் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் அவர் லீவு போட்டார். நானும் வீம்புக்கு லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கன்றின்மேல் ஒட்டிய பேப்பரை உரித்துப் போட்டுவிட்டு, மைதாவுக்குப் பதிலாகப் புளியங்கொட்டையை வறுத்துப் பொடித்துப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். மயில்துத்தம் கலந்தால் மாடு தின்னாது என்றார். நக்கினால் விஷம் என்று நான் சண்டை போட்டேன். பெயின்ட்டும் கூடாது, செம்மண் போதும் என்றேன். அதற்கெல்லாம் சரி என்றவர், கொஞ்ச நேரம் கன்றின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அது கண்ணால தேடலீங்க டாக்டரம்மா, நாக்கால தேடுது. புள்ள வாசனையில நக்குறதுக்கு ஒண்ணு வேணும் அதுக்கு."

செத்த கன்று படுத்திருந்த சாக்கை எரித்துவிடச் சொல்லியிருந்தேன். தனபாக்கியத்துக்கு மனசு வரவில்லை. படலில் மாட்டி வைத்திருந்தார். டாக்டர் பேச்சைக் கேட்காதவர்களை நினைத்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

புதன் காலை வியாபாரியின் வண்டி தெருமுனையில் வந்து நின்றுவிட்டது. செபஸ்தியான் அவசர அவசரமாகச் சாக்கைக் கன்றின் முதுகில் வைத்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்திவிட்டு, கன்றின் தலையைப் பிடித்தபடி குந்தினார். பசு மோந்தது. அப்படியே நின்றது. அடித்தொண்டையில் மெல்லக் குரல் கொடுத்தது. பிறகு நக்கியது பாருங்கள், கழுத்து, முதுகு, முகம் என்று நிறுத்தவே இல்லை. நடுநடுவே செபஸ்தியானின் கையையும் நக்கியது. யாருமே தொடாத மடியிலிருந்து பால் தானாகச் சொட்டியது. தனபாக்கியம் செம்பைத் தேடி ஓடினார். வியாபாரி வந்து எட்டிப் பார்த்தார், "சரி, நல்லா இருக்கட்டும்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் அழுதேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கன்று, அந்தந்த வீட்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, குன்னம் வரைக்கும் எத்தனையோ வீட்டுக்குப் போய்வந்தது உங்களுக்கே தெரியும்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நான் ரெஜினாவோடு உட்கார்ந்திருந்தேன். தனபாக்கியம் தூக்குவாளியோடு வாசலில் வந்து நின்றார். அன்று காலையில்தான் அதே பசு அடுத்த கன்றை ஈன்றிருக்கிறது. கிடேரி, துள்ளிக்கொண்டிருக்கிறதாம். சீம்பால் காய்ச்சி எடுத்து வந்துவிட்டார். சாவு வீட்டுக்குள் அதைக் கொண்டுவரலாமா என்று தெரியாமல் தயங்கினார். ரெஜினா எழுந்து போய், "உள்ள வாங்க. இது அவருக்கு வர வேண்டியதுதான" என்று வாளியை வாங்கினார். படத்துக்கு முன்னால் ஒரு கரண்டி வைத்துவிட்டு, இருந்த எல்லோருக்கும் கொடுத்தார். நாங்கள் சாப்பிட்டோம். வெல்லம் தூக்கலாக, நன்றாக இருந்தது.

கிளம்பும்போது காகிதக் கன்றை ரெஜினா என் கையில் கொடுத்துவிட்டார். இப்போது மருந்தகத்தில் என் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மாடுகள் நக்கி நக்கி முகத்தில் செம்மண் போய், உள்ளிருக்கும் செய்தித்தாளின் எழுத்து தெரிகிறது. அவருடையதாக நான் வைத்திருப்பது இது ஒன்றுதான். உங்கள் பக்கம் கன்று செத்த வீடு இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். சாக்கை எரிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். கன்றை வண்டியில் கட்டிக்கொண்டு நானே வருகிறேன்.