வழியில் நிற்காத வண்டி

எரிந்த கிளட்சின் வாடையை இன்று எங்கே முகர்ந்தாலும், அதோடு சேர்ந்து ஈரப்பாறையின் குளிரும் யூகாலி விறகின் புகையும் என் மூக்கில் ஏறிவிடும். பள்ளிவாசலைத் தாண்டி மூணாறுக்கு ஏறும் பாதையில், ஓடை குறுக்கிடும் இடத்தில் செங்குத்தான வளைவு ஒன்று இருந்தது. பாரம் ஏற்றிவரும் எந்த வண்டிக்கும் அங்கே ஒருமுறை மூச்சு வாங்கும். நின்றுவிட்டால், எங்கள் பக்கத்தில் "கிளி" என்று அழைக்கப்படும் கிளீனர் குதித்து ஓடிப்போய், ஓரத்தில் கிடக்கும் கல் ஒன்றைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுப்பார். வண்டி மறுபடி உறுமி ஏறிய பிறகு அந்தக் கல்லைப் பழையபடி ஓரத்தில் உருட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அந்த மலையின் எழுதாத சட்டம். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதை மீறுகிறவர்களும் இருப்பார்கள்தானே, வளைவின் நடுவே எப்போதும் சில கற்கள் கேட்பாரற்றுக் கிடக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் அப்பாவும் அந்த ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தோம். சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்புக்குக் கீழே அப்பா காய்கறிக்கடை வைத்திருந்தார், கடைக்குப் பின்னால் ஓர் அறையும் அடுக்களையும்தான் எங்கள் வீடு. ஊரில் மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கோ மாரியம்மன் கோயிலுக்கோ மூணாறு சினிமாக் கொட்டகைக்கோ போனார்கள். நாங்கள் வண்டி பார்க்கப் போனோம். பக்கத்து வீட்டுச் செல்லக்கனிப் பெரியம்மாவுக்கு இதில் ஓயாத வேடிக்கை. "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறவன் உண்டு, வண்டி பாக்கப் போறவன் இந்த மலையில உங்கப்பன் ஒருத்தன்தாம்ட்டி" என்பார். சிரித்து முடித்ததும் என் பின்னலை இறுக்கிக் கட்டிவிடுவார். நாங்கள் எந்த இடத்தில் போய் உட்காருகிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு ஓர் ஆடிமாத மழையில், வயிற்று வலியால் துடித்த அம்மாவை வாடகை ஜீப்பில் ஏற்றி மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, ஜீப் அந்த வளைவில்தான் நின்றது. அப்பா கல் வைத்தார், தள்ளினார், மறுபடி கல் வைத்தார். பின்னால் ஒரு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்னமே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம், அது அப்பாவின் காதில் ஏறவே இல்லை. மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்த மனிதர், அதன் பிறகு ஒவ்வொரு காயையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவராக மாறிப்போனார். என்னோடு பேசுவதும் குறைந்தது. சாயங்காலங்களில் மூடுபனி வந்து கடைவாசலை அடைத்துக்கொள்ள, விளக்கடியில் அவர் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஏழாவதோடு முடிந்துவிடும். மேலே தமிழில் படிக்கவேண்டுமானால் மூணாறுக்குப் போகவேண்டும், ஆனால் காலைப் பஸ் அடிமாலியிலேயே நிரம்பி, எங்கள் ஊரில் நிற்காமல் போவதும் உண்டு. மழைக்காலத்தில் பஸ்ஸே வராது. அதனால் எஸ்டேட்டுப் பிள்ளைகள் பலரைத் தமிழ்நாட்டு விடுதிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். போடியில் ஒரு விடுதியில் அப்பா எனக்கும் சொல்லிவைத்திருந்தார். ஆனால் அதற்குள் ஒரு பிக்கப் வண்டி வாங்கிவிட்டால், காலையில் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மூணாறு பஜாரில் காய்கறி ஏற்றிக்கொண்டு வந்து, மறுபடி சாயங்காலம் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். "வண்டி வாங்கிட்டா நீ எங்கிட்டயே இருந்துக்கிடலாம் தாயி" என்று அவர் சொன்ன அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. பள்ளி திறப்பதற்குள் வண்டி வரவேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கு எங்கள் மலையில் ஓடிய சரக்கு வண்டிகளுக்குக் கம்பெனிப் பெயர் உண்டுதான், யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். ஜீப்பின் முகத்தோடு பின்னால் தொட்டி வைத்தது "நீளமூக்கு". முன்புறம் மொட்டையாக, இரண்டு இருக்கைகளுக்கு நடுவிலேயே எஞ்சினை மூடிவைத்திருப்பது "சப்பைமூக்கு". மூன்று சக்கரத்தில் நொண்டிக்கொண்டு வருவது "முக்காலி". முக்காலியை அப்பா ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டார். மீதி இரண்டில் எது உறுதி, எது மலைக்கு ஆகும், எது பாதி வழியில் கைவிடாது என்பதை முடிவு செய்யத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். சுமையோடு ஏறும் வண்டி எந்த இடத்தில் கியர் மாற்றுகிறது, யாருக்குக் கல் தேவைப்படுகிறது, யாருக்குத் தேவைப்படவில்லை என்று கவனித்துக்கொண்டே இருப்பார். நின்ற வண்டிக்காரரிடம் பீடி கொடுத்து விசாரிப்பார். எண்ணெய் அதிகம் குடிக்குமா, காலையில் தகராறு இல்லாமல் எழும்புமா, பாரம் சுமக்குமா, திடீரென்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுமா என்று அவர் கேட்பதைத் தூரத்திலிருந்து கேட்டால், யாரோ மாப்பிள்ளை விசாரிக்கிறார் என்றே நினைக்கத் தோன்றும். நீளமூக்குக்காரர் நீளமூக்கே உசத்தி என்பார், சப்பைமூக்குக்காரர் சப்பைமூக்குக்குச் சத்தியம் செய்வார். அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வருவார்.

எனக்குச் சப்பைமூக்குத்தான் பிடித்திருந்தது. எஞ்சின் மூடி அடுப்புத்திண்டு போலக் கதகதப்பாக இருக்கும் என்று கடைப் பக்கம் வந்த டிரைவர் ஒருவர் சொல்லியிருந்தார். காலைக் குளிரில் அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் அப்பா ஓட்ட, இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து போவதை நினைத்து நினைத்து, வண்டி வாங்கும் முன்பே அதில் பலமுறை பள்ளிக்குப் போய்வந்துவிட்டேன். சப்பைமூக்கு ஒன்று வளைவில் திரும்பினால் போதும், "எம்மா, ஏத்திவிட்டுரும்மா" என்று மனதுக்குள் கும்பிடுவேன். அந்த இடத்தில் நான் வேறு யாரைக் கும்பிட முடியும்? பெரும்பாலும் ஏறிவிடும். என்றைக்காவது ஒன்று நின்றுவிட்டால் அப்பாவின் முகம் தொங்கிப்போகும். நான் இறங்கிப்போய், அந்த வண்டி விட்டுச்சென்ற கல்லை ஓரத்துக்கு உருட்டிவிட்டு வருவேன்.

சித்திரை மாதத்தில் யாரோ சொன்னார்கள், வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஏற்றிவரும் வியாபாரிகளிடம் நல்ல நீளமூக்குகள் கைமாறுகின்றன என்று. மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவு வெயிலையும் அவ்வளவு சமதரையையும் நான் அதுவரை பார்த்ததில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலைபேசும் தரகர்களையும், மாடு விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்ள, வாங்கியவர் தான் கொண்டுவந்த புதுக்கயிற்றைப் போட்டு ஓட்டிக்கொண்டு போவதையும் வாய் பிளந்து பார்த்தேன். அப்பாவும் ஒரு நீளக் கயிறு வாங்கினார். "வண்டி வந்தா சரக்குக் கட்ட ஆகும்லா" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே எனக்குத் திருவிழாவாக இருந்தது.

சந்தைக் கோடியில், வெற்றிலை போட்ட பெரியவர் ஒருவரின் நீளமூக்கு விலைக்கு நின்றது. அப்பா அதன் அடியில் படுத்துப் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார், கதவைச் சாத்திச் சாத்திக் காது கொடுத்தார். "ஏனுங்க, மாட்டுக்குச் சுழி பாக்கறாப்ல பாக்கறீங்களே, ஏறி ஓட்டிப் பாருங்க. பாப்பாளையும் ஏத்திக்குங்க" என்றார் பெரியவர். ஓட்டினார். புளியமரங்களுக்கு நடுவே நேராகக் கிடந்த சாலையில் வண்டி தடையில்லாமல் ஓடியது, அப்பா ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தார். அம்மா போன பிறகு அவர் வாயிலிருந்து பாட்டு வந்து நான் கேட்டது அன்றுதான். முடிந்தது, வண்டி நமதாகிவிட்டது என்றே நினைத்தேன். நீளமூக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும், எஞ்சின் மூடி இல்லாவிட்டால் என்ன, கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டால் போயிற்று.

திரும்பி வந்து இறங்கிய அப்பா, "ஒரு வாரம் பொறுத்துச் சொல்லுதேன், எங்க ஊரு மெக்கானிக்குகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றார்.

பெரியவர் கோபப்படவில்லை. "கேளுங்க, நல்லாக் கேளுங்க. ஆனா ஒண்ணுங்க, சந்தை கலையற வரைக்கும் மாடு பாத்துட்டு இருந்தவன் வெறுங்கயித்தோடதான் ஊட்டுக்குப் போவானுங்க" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் நான் வெடித்துவிட்டேன், நல்ல வண்டிதானே, ஏன் வாங்கவில்லை என்று. அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார், "உன்னைய வழியில விட்டுறக் கூடாதுல்ல தாயி." மெக்கானிக் நல்ல வண்டி என்றார். அடுத்த வாரம் அப்பா தனியாகப் போனார், அது விற்றுப்போயிருந்தது.

பிறகு ஒரு சப்பைமூக்கு வந்தது, அதற்கும் யோசித்தார். இன்னொன்று வந்தது, அதற்கும் யாரையோ கேட்கவேண்டியிருந்தது. அதற்குள் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டது, பள்ளிகள் திறந்துவிட்டன. என் டிரங்குப் பெட்டியைப் போடி பஸ்ஸின் கூரையில் ஏற்றி, வேலந்தாவளத்தில் வாங்கிய அந்தக் கயிற்றால்தான் அப்பா கட்டினார். இறுக்கிக் கட்டினார், அவிழ்ந்துவிடுமோ என்று இழுத்து இழுத்துப் பார்த்தார். "வண்டி வந்ததும் கூட்டிட்டு வந்துருதேன்" என்று விடுதி வாசலில் சொன்னார்.

போடி விடுதியின் மொட்டைமாடியிலிருந்து எங்கள் மலை தெரியும். நீலமாக, பக்கத்தில் இருப்பது போலத் தெரிவதுதான் கொடுமை. மற்றப் பிள்ளைகள் துணி எடுக்கவும் அரட்டைக்கும் மாடிக்கு வருவார்கள். நான் கீழே சாலையில் போகும் வண்டிகளைச் சத்தத்தை வைத்தே இது நீளமூக்கு, இது சப்பைமூக்கு என்று எனக்குள் சொல்லிக்கொண்டு நிற்பேன். ஒருத்திக்கும் அது விளங்காது, விளங்கவைக்க எனக்கும் தெம்பில்லை. அம்மா செத்தபோது அழுததைவிட அந்த மாடியில் நான் அதிகம் அழுதிருக்கிறேன்.

ஆவணி மாதத்தில் அப்பா வண்டி வாங்கிவிட்டார். சப்பைமூக்கு. யாரையும் கேட்கவில்லையாம், ஒரே நாளில் முடித்துவிட்டாராம். "நீ இல்லாத வீட்டுல யாருக்காகப் பொறுத்துப் பாக்கணும்னு தோணிருச்சு போல" என்றார் செல்லக்கனிப் பெரியம்மா. ஆனால் நடுவருடத்தில் பள்ளி மாற்ற முடியாது என்றார்கள். வருடம் முடிவதற்குள் நான் வயசுக்கு வந்துவிட்டேன். பெண் துணை இல்லாத வீட்டில் வயசுக்கு வந்த பிள்ளை எப்படித் தனியாக இருப்பாள், விடுதிதான் பத்திரம் என்று ஊரே சேர்ந்து முடிவு சொன்னது, எல்லோரையும் கேட்கும் அப்பா அதையும் கேட்டுக்கொண்டார். நான் பள்ளிப்படிப்பு முடிக்கும்வரை விடுதியில்தான் இருந்தேன்.

லீவுக்கு அழைத்துப்போகவும் கொண்டுவிடவும் அவரே அந்த வண்டியில் வருவார். எஞ்சின் மூடி உண்மையிலேயே கதகதப்பாகத்தான் இருந்தது. லீவு முடிந்து திரும்பும் நாட்களில், சித்திரபுரத்திலிருந்து புறப்பட்டு அந்த வளைவில் வண்டி ஏறத்தொடங்கும்போது, மூடியின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்திக்கொண்டு, "எம்மா, இன்னைக்கு ஒருநாள் நிறுத்திரும்மா" என்று வேண்டிக்கொள்வேன். நின்றுவிட்டால் கல் வைப்போம், வீட்டுக்குத் திரும்பிவிடுவோம், இன்னும் ஒரு நாளாவது இருக்கலாம். வண்டி நிற்காது. உச்சி ஏறியதும் அப்பா என் பக்கம் திரும்பி, "பாத்தியா தாயி, மூச்சே வாங்கல" என்பார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி இருக்கும். அவர் தேர்ந்தெடுத்த வண்டி ஒருமுறைகூட வழியில் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் மணி அடிப்பதற்குள் என்னை விடுதி வாசலில் இறக்கிவிட்டது.

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வண்டி அதற்கு முன்பே எங்கோ கைமாறிப்போனது, நீளமூக்கு, சப்பைமூக்கு என்றால் இன்று அங்கே யாருக்கும் புரியாது. வண்டிகளுக்குக் கிளியும் இல்லை. சென்ற வருடம் மூணாறுக்குப் போகும் வழியில் வாடகைக் காரை அந்த வளைவில் நிறுத்தச் சொன்னேன். பாதையை அகலப்படுத்தி, ஏற்றத்தைக் குறைத்து, நாங்கள் உட்கார்ந்த கைப்பிடிச் சுவரை இடித்து இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். ஓரமெல்லாம் பார்த்தேன், கையால் தூக்கி ஒரு சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும்படியான கல் ஒன்றுகூட இல்லை. டிரைவர் தம்பி கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, எதையாவது விட்டுட்டீங்களா?" என்றார்.

"இல்லப்பா" என்றேன்.

"அப்ப ஏறுங்கம்மா, இங்க வண்டி நிக்கக் கூடாது."