வலது பக்க போல்ட்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரே லைனில் இரண்டு சின்ன கார்கள் வருகின்றன. ஒன்று குட்டி வண்டி. இன்னொன்று அதே வண்டிக்குப் பின்னால் டிக்கி வைத்து நீட்டியது. அதை நாங்கள் அண்ணன் வண்டி என்போம். விளம்பரத்தில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம். அடியில் படுத்துப் பார்த்தால் ஒரே பிறவி. வாங்குகிறவனுக்கு இது தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் எங்களை யார் கேட்கிறார்கள்?

என் வேலை பின் அச்சு மாட்டுவது. இரண்டு பின் சக்கரங்களையும் சேர்க்கிற இரும்புச் சட்டம் அது. பீம் என்போம். வண்டியின் உடம்பு மேலே தொங்கிக்கொண்டு வரும், பீம் கீழேயிருந்து எழும்பும், பக்கத்துக்கு ஒரு பெரிய போல்ட். வலது பக்கம் நான். இடது பக்கம் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருவன். இருவருமே கான்ட்ராக்ட். போல்ட் முடுக்கும் கன்னை அழுத்தினால் சரியான இறுக்கம் வந்ததும் பச்சை விளக்கு எரியும். உடனே போல்ட் தலையில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. எனக்கு மஞ்சள், அவனுக்கு வெள்ளை. நாளைக்கு ஏதாவது கழன்றால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. என் வீட்டு ஆட்களைவிட அவன் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன்.

மண்ரோட்டில் கார் பந்தயம் ஓட்டுகிற ராலி பைத்தியம் இருவருக்கும் இருந்தது. பழைய குட்டி வண்டி ஒன்றைச் சேர்ந்து வாங்கி, வல்லக்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்னாலிருந்த ஷீட் கொட்டகையில் நிறுத்தினோம். மண்ணில் வேகமாகத் திருப்பினால் அதன் பின்பக்கம் குழந்தை மாதிரி தள்ளாடும். அண்ணன் வண்டியின் பீம் கனமானது, ஸ்பிரிங்கும் விறைப்பு. அதைக் கழற்றி இதில் மாட்டினால் தீர்ந்தது. ஓட்டை எல்லாம் அப்படியே உட்காரும் என்பதை வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தினமும் மாட்டுகிறவர்கள் நாங்கள்தானே. முன்பக்கம் நசுங்கிப்போன அண்ணன் வண்டி ஒன்றிலிருந்து பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில் பீமும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எடுத்து வந்தோம்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரங்களைத் தொங்கவிட்டு, லைனில் நிற்கிற மாதிரியே நின்றுகொண்டோம், வலது நான், இடது அவன். கம்பெனியில் எவ்வளவு இறுக்கமோ அதே இறுக்கம், இரவல் வாங்கிய, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில். பழக்க தோஷம், கோடும் போட்டோம், அதே மஞ்சள், அதே வெள்ளை.

"மக்கா, கம்பெனிக்காரன் கூட இவ்வளவு சுத்தமா மாட்ட மாட்டாம்லே" என்றான் அவன்.

"நாமதான்டா கம்பெனிக்காரன். அவனுங்க சும்மா ஏசில குந்திகினு கீறானுங்க" என்றேன்.

மணிமங்கலம் பக்கம் மண்ரோட்டில் மாறி மாறி ஓட்டிப் பார்த்தோம். வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு போனது. அவன் என்னைவிட வேகம். அதனால் ஓட்டுவது அவன், வண்டியைப் பார்த்துக்கொள்வது நான் என்று முடிவாயிற்று. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சேர்ந்து வாங்கிய வண்டியில் ஸ்டீயரிங் பக்கம் உட்கார யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் வேகம் வேகம்தான். அதை ஒப்புக்கொள்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

சென்னையில் ராலி டீம் வைத்திருந்த ஒருவர் எங்கள் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டார். பக்கத்தில் நடக்கவிருந்த மண்பாதைப் போட்டிக்கு நேரில் வருகிறேன், வண்டி நன்றாக ஓடினால் இருவரையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவன் டிரைவர், நான் மெக்கானிக். கான்ட்ராக்ட் ஐடி கார்டைக் கழுத்திலிருந்து கழற்றி எறிய எங்களுக்கு இருந்த ஒரே வழி அது. அதற்குப் பிறகு லைனில் நின்றாலும் இருவருக்கும் அதே நினைப்பு.

போட்டி நடந்த இடம், தொழிற்சாலை வரும் என்று எங்கள் ஊர்க்காரர்களிடம் எடுத்த நிலம். தொழிற்சாலை வரவில்லை. வேலி மட்டும் வந்தது. காலையில் முருகன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் போனோம். முதல் சுற்று அற்புதமாகப் போயிற்று. டீம் ஓனர் என் தோளைத் தட்டினார். இரண்டாம் சுற்றில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பியது. பள்ளத்தில் பாய வேண்டிய வண்டியை அவன் எப்படியோ இழுத்து நிறுத்திவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உயிரே திரும்பி வந்தது.

ஓனர் குனிந்து பார்த்தார். வலது பக்கம் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து, பீம் இடம் நகர்ந்திருந்தது.

"மஞ்ச மார்க் யாருது?" என்றார்.

"அவன் போட்டது சார்" என்றான் அவன், என்னைக் காட்டி. நான் பக்கத்தில்தான் நின்றேன். "சரியா முடுக்கல போல. ஓட்டுதது நான்னு ஆனதுல இருந்தே அவனுக்கு மனசு சரியில்ல சார்."

"இன்னாடா பேசற? எதிர்லதானடா நின்ன? நான் டைட் பண்ணத நீ பாக்கல?" என்று கத்தினேன். அவன் ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தான்.

அப்படி வண்டியை நிறுத்தத் தெரிந்தவனை விட்டுவிட ஓனருக்கு மனசு வருமா? அவனை எடுத்துக்கொண்டார். என்னை எடுக்கவில்லை. அதோடு போகவில்லை. கூட இருக்கிறவன் வண்டியிலேயே கைவைத்தவன் என்று ராலிக்காரர்கள் நடுவில் என் பேர் நாறிப்போயிற்று. உதவிக்கு வருகிறேன் என்று நானே போய் நின்றாலும், "வேணாம்பா, ஆள் இருக்காங்க" என்பார்கள். லைனில் எனக்கு எதிரே வேறு ஒருவன் வந்து வெள்ளைப் பேனாவை எடுத்துக்கொண்டான்.

சில மாதம் கழித்து ஒருநாள், பீமை ஏந்தும் மேடையில் அதன் இரண்டு முனைகளுக்கும் கீழே எழும்பும் இரண்டு தூண்களில் ஒன்று மேலே எழும்பவில்லை. அந்தத் தூண்கள் பீம் ஆடாமல் பிடித்துக்கொள்ளத்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நான் வழக்கம்போல கன்னை வைக்கப் போனேன். இன்ஜினியர் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"அறிவில்ல? வீல் தொங்கறப்ப டைட் பண்ணா புஷ் முறுக்கிக்கும். வண்டி தரையில நிக்கற உயரத்துக்கு பீமைத் தூக்கிட்டுத்தான் டைட் பண்ணணும். இல்லன்னா ரப்பர் கிழிஞ்சிடும்."

ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிவைத்த ரப்பரோடுதான் எங்கள் வண்டியை மேட்டில் ஏற்றியிருக்கிறோம். இரண்டு பக்கமும் அப்படித்தான். வலது முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

"இத ஏன் சார் எங்க கிட்ட சொல்லல?"

"உனக்கு எதுக்குப்பா அது? பச்ச எரியுதா, அத பாரு."

இத்தனை வருஷம் அந்த போல்ட்டை இறுக்கியவனுக்கு அது எதற்கு என்கிறார்! வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினேன். ஆனால் கோபத்தைவிட ஒரு நிம்மதி பெரிதாக இருந்தது. அவனிடம் சொல்லிவிடலாம். என் கையில் குற்றமில்லை என்று அவனுக்குப் புரிந்துவிடும், பழையபடி பேசுவான். ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே நின்றே போன் போட்டேன்.

தூண், ரப்பர், முறுக்கு என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"சரிடே. நல்லதாப் போச்சு, தெரிஞ்சுக்கிட்டோம்" என்றான். "ஆனா நீ வேணும்னு செய்யலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா. என் கண்ணு முன்னாலதான முடுக்குன."

"அப்பறம் ஏன்டா அப்டி சொன்ன?"

"ஓனர் கேட்டாருல்ல. ரெண்டு பேருக்கும் தெரியலன்னு சொன்னா ரெண்டு பேரையும் விட்ருவாரு. யாராவது ஒருத்தனாவது தப்பிக்கணும்லாடே" என்றான். பிறகு, அடுத்த வாரம் கோயம்புத்தூரில் போட்டி இருக்கிறது, முடிந்தால் வந்து பார் என்றான்.

நான் போனை வைத்துவிட்டேன். பொறாமையில் செய்தேன் என்று அவன் நம்பித்தான் சொன்னான் என இத்தனை மாதம் நினைத்திருந்தேன். அந்த நினைப்போடு எப்படியோ வேலைக்குப் போய்வர முடிந்தது. நம்பாமலே சொல்லியிருக்கிறான்.