வலது கண்ணுக்குத் தாய்ப்பத்திரம்

என் அக்காள் புருஷன் தெய்வசிகாமணியிடம் மணி என்ன என்று கேட்டால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார். மிகைப்படுத்தவில்லை. புதுச்சேரியில் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிரே இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர் அவர். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸும் டைப்பும் போடுகிற கலியமூர்த்தி நான். அவருடைய சந்தேகத்தைப் பெண்டாட்டி பிள்ளைக்கு அடுத்தபடி அதிகமாக அனுபவித்த ஆள் நான்தான். அந்தச் சந்தேகம் அவர் மகள் ஹேமலதாவின் வலது கண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் தொழிலுக்குச் சந்தேகம் வேணும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஒருத்தர் மனை வாங்க வந்தால், விற்கிறவனுக்கு அது யாரிடமிருந்து வந்தது, அந்த ஆளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று தாய்ப்பத்திரங்களை வரிசையாகக் கேட்டு வாங்கி, தரையில் தேதிவாரியாகப் பரப்பிவைத்துப் பார்ப்பார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி எழுதிக்கொடுத்த பழுப்பேறிய பத்திரத்தைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். நடுவில் ஒன்று விட்டுப்போயிருந்தால் பேனாவைத் தொடமாட்டார். அவரால் ஏமாறாமல் தப்பித்தவர்கள் ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள்.

ஆனால் மனுஷன் கடையைப் பூட்டும்போது அந்தக் குணத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வரவேண்டாமா? பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் அப்பாவிடம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டவர் அவர். எதற்கு மாப்பிள்ளை என்று அப்பா கேட்க, "சும்மா, எழுத்து எப்படி இருக்குன்னு பாக்கத்தான்" என்றாராம். அப்போதே காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் அக்காள் சந்திரகலா இருபத்தைந்து வருஷமாக அதை அனுபவிக்கிறாள்.

2008ஆம் வருஷம். ஊருக்குள் சாரம் பகுதியில் அவர்கள் வீடு. ஹேமா ஒரே பெண், இருபத்துமூன்று வயது, தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அப்பா, லேசர் பண்ணிக்கலாம்னு இருக்கேன். கண்ணாடி வேணாம்."

தெய்வசிகாமணி சோற்றிலிருந்து கையை எடுத்தார். "யாருக்காகக் கழட்டுற?"

எனக்கு வந்ததே கோபம். "பெத்த பொண்ணுகிட்ட கேக்குற கேள்வியா மாமா இது?"

"நீ சும்மா இரு மூர்த்தி. பன்னெண்டு வருஷமா மாட்டிக்கிட்டிருந்த கண்ணாடி இன்னிக்கு மட்டும் ஏன் கனக்குது?"

அக்காள்தான், "புள்ள வாய்விட்டுக் கேக்குது. போய்ப் பார்த்துட்டுத்தான் வாங்களேன்" என்று முடித்துவைத்தாள்.

நூறடி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுவர் முழுக்கக் கண்ணாடி போடாத முகங்கள், எல்லாம் பல்லைக் காட்டிச் சிரிக்கிற படங்கள். "ஒருத்தன் மூஞ்சிலயாவது கவல இருக்கா பாரு. இதுவே தப்பு" என்றார் தெய்வசிகாமணி என் காதில். ஹேமா ஒரு ஃபாரத்தில் கேள்விகளுக்கெல்லாம் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். அதை ஒரு நகல் எடுத்துக் கொடுத்தால்தான் ஆச்சு என்று இவர் அடம்பிடித்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று.

நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்கிற பெண்ணின் பெயர் ஸ்டெல்லாமேரி. பொறுமையான பெண், பாவம். சம்மதப் பத்திரம் என்று நாலு பக்கம் கொடுத்து, வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள் என்றாள். இவர் அங்கேயே சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"மாற்ற இயலாததுன்னு போட்டிருக்கே, அப்படின்னா?"

"லேசர் வச்சு கருவிழில கொஞ்சம் சதைய எடுப்பாங்க சார். எடுத்தத திரும்ப வைக்க முடியாது."

"அப்ப கிரயம். அடமானம் இல்ல."

"சார்?"

"மேல சொல்லும்மா. கண்ணாடியே தேவப்படாதுன்னு எங்கயும் எழுதல. தேவை குறையலாம்னுதான் இருக்கு."

"ஆமா சார், அதான் உண்ம. கொஞ்சம் நம்பர் மிஞ்சலாம். லேசர் பண்ணாலும் நாப்பது வயசுக்கு மேல படிக்கிறதுக்குக் கண்ணாடி வரத்தான் செய்யும். கண்ணு காஞ்சு உறுத்தும், மாசக்கணக்குல சொட்டு மருந்து விடணும். ராத்திரில வண்டி லைட்ட சுத்தி வட்டம் வட்டமா தெரியும். முக்காவாசிப் பேருக்குப் போயிடும். சில பேருக்குப் போகாது."

"போகாதவன் ஒருத்தனக் காட்டு."

நான் அவர் தொடையைக் கிள்ளினேன். மனுஷன் அசையவில்லை. "வர்றவங்க எல்லாருக்கும் பண்ணிடுவீங்களா?" என்றார்.

"இல்ல சார். வெள்ளிக்கெழம ஸ்கேன் எடுப்போம். கருவிழி எவ்ளோ கனம், எப்படி வளைஞ்சிருக்குன்னு அதுல தெரியும். மெல்லிசா இருந்தா பண்ணமாட்டோம். நம்பர் ஒரு வருஷமாவது மாறாம நிக்கணும். பழைய சீட்டு எத்தன இருந்தாலும் கொண்டாங்க."

இவ்வளவு நேர்மையாகப் பேசுகிற பெண்ணை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் இவர் சொல்கிறார்: "ஒளிவு மறைவில்லாம சொல்லுது பாரு. அப்ப வேற எதையோ பெருசா மறைக்குது."

கடவுளே! ஹேமா வண்டிக்குப் பக்கத்தில் நின்று வலது கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் தரை முழுக்கச் சீட்டு. அக்காள் எதையும் தூக்கிப்போடாதவள். பன்னிரண்டு வருஷத்துக் கண்ணாடிச் சீட்டுகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. தெய்வசிகாமணி அவற்றைத் தாய்ப்பத்திரம் மாதிரி தேதிவாரியாக அடுக்கி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். கண் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆனால் வரிசையில் எது உதைக்கிறது என்று கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"இங்க பாரு மூர்த்தி. இடது கண்ணு நாலு வருஷமா அசையல. வலது கண்ணுல மட்டும் சிலிண்டர்னு ஒரு நம்பர் இருக்கு. 2004ல முக்கா. அடுத்த வருஷம் ஒண்ணேகால். அப்பறம் ரெண்டு. போன வருஷம் மூணரை. நம்பர் நிக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. இது ஓடிக்கிட்டில்ல இருக்குது? எவன் ஏத்திவிடுறான்?"

கடைசிச் சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அது கண்ணாடிக் கடையில் எழுதியது. அடியில் 'டாக்டர் சீட்டுப்படி' என்று பொடியாக இருந்தது.

"எந்த டாக்டர்? இவளுக்குக் கடையிலதான் எப்பவும் டெஸ்ட் பண்ணுவாங்க. டாக்டர் சீட்டுன்னு ஒண்ணு இருந்திருக்கு, அது இங்க இல்ல. கடக்காரன் அமுக்கிட்டான்."

அந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் ஆடி மாசத்தில் ஒருநாள், "கலி மாமா, கண்ணு சரியில்ல, கோரிமேட்டுல காட்டணும், வர்றீங்களா?" என்று ஹேமா கேட்டாள். என் வண்டியில்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காலையில் உள்ளே போனவள் ஒரு மணிக்கு வந்தாள். நான் வெளியே டீக்கடையில் இருந்தேன். "நம்பர் கொஞ்சம் ஏறியிருக்காம், அவ்ளோதான். அப்பாகிட்ட சொல்லாதீங்க, லீவு போட்டேன்னு கத்துவாரு" என்றாள். கையில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது. நான் வாங்கிப் பார்க்கவில்லை. அவரைப்போல இல்லாமல் மனுஷரை நம்புகிறவன் என்று எனக்கு என்மேலேயே பெருமை வேறு. தூ!

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மறுநாள் அவர் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். "சீட்டப் பார்த்து நம்பர எழுதிக்கிட்டு உங்க பொண்ணு கையிலயே திருப்பிக் குடுத்துட்டேன் சார்" என்று கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாராம். "அவன் மூஞ்சியப் பார்த்தாலே பொய்யின்னு தெரியுது" என்றார் இவர். யாருக்காகக் கழட்டுகிறாய் என்று மகளைக் கேட்ட மனுஷனுக்கு, அவள் ஒரு சீட்டை மறைத்திருப்பாள் என்று மட்டும் தோன்றவே இல்லை. பத்திரம் எழுதுகிறவன் மகள் காகிதத்தை ஒளிப்பாளா என்கிற நினைப்பு.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னால் தாங்க முடியவில்லை. விடிந்தால் ஸ்கேன். நேரே சாரத்துக்குப் போய், எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். "ஹேமா, கோரிமேட்டுல குடுத்த சீட்டு எங்கம்மா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்துபோய் ஒரு பாடப் புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து எடுத்துவந்து அப்பா கையில் கொடுத்தாள். இங்கிலீஷ் கிறுக்கல். தெய்வசிகாமணி வார்த்தை வார்த்தையாக வாசித்துச் சொன்னார். வலது கண்ணில் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் கிளம்புவதாகச் சந்தேகம். லேசர் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. ஆறு மாதத்தில் கட்டாயம் திரும்ப வரவும். தேதியைப் பார்த்தால் ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து ஃபார நகலை எடுத்தார். "முன்பு எந்த மருத்துவராவது லேசர் வேண்டாம் என்று கூறியுள்ளாரா? இல்லைன்னு டிக் அடிச்சிருக்க. கீழ உன் கையெழுத்து. எம்பொண்ணு பொய் வாக்குமூலம் குடுத்திருக்கா."

"கண்ணு போவுது மாமா, நீங்க டிக்கப் பார்த்துக்கிட்டிருக்கீங்க!" என்று கத்தினேன்.

ஹேமா அழவில்லை. "ஸ்டைலுக்குக் கேக்கலப்பா. இந்தக் கண்ணுல கண்ணாடி போட்டும் தெரியல. போர்டுல எழுதறதே கோணலாப் போவுது. லேசர் வச்சா மொத்தமா சரியாயிடும், புது மெஷின் வந்திருக்குன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. டிக்க மாத்திப் போட்டா வேணாம்னு அனுப்பிடுவாங்கன்னு பயந்தேன்."

அக்காள் அவள் பின்னால் வந்து நின்று, இடது கண்ணைத் தன் கையால் பொத்தினாள். "எதுத்தாப்ல காலண்டர்ல தேதி என்னடி?"

தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். உள்ளங்கை அகலத்துக்கு எண் இருக்கும். ஹேமா உற்றுப் பார்த்தாள். "ஒண்ணு மேல ஒண்ணா நாலஞ்சு தெரியுதும்மா. என்ன எண்ணுன்னு புரியல."

அக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். தெய்வசிகாமணி எழுந்துபோய் அந்தத் தாளைக் கிழித்து, மகள் முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து பிடித்தார். "இப்ப?" என்றார். அவள் தலையாட்டினாள். இல்லை என்று.

வெள்ளிக்கிழமை அந்தச் சீட்டோடு போனோம். ஸ்டெல்லாமேரி வாங்கிப் படித்துவிட்டு நேரே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வலது கண் படத்தின் அடிப்பக்கம் செக்கச்செவேலென்று இருந்தது.

"லேசர் பேச்சே வேணாம்" என்றார். "ஏற்கெனவே மெலிஞ்சு முன்னால தள்ளிக்கிட்டிருக்கிற கருவிழி. அதுலபோய் இன்னும் சதைய எடுத்தா வேகமாப் பிதுங்கிடும். வேற ஒருத்தரோட கருவிழிய வாங்கி வைக்கிற அளவுக்குக்கூட ஆயிருக்கும்."

தெய்வசிகாமணி முன்னால் சாய்ந்தார். "சீட்டு கொண்டாரலன்னா பண்ணியிருப்பீங்களா?"

"இந்த அளவுக்கு முத்தினது ஸ்கேன்லயே தெரிஞ்சிடும். ஆரம்பத்துல சில பேருக்குச் சரியாப் பிடிபடாது. அதுக்குத்தான் ஃபாரத்துல அந்தக் கேள்வி வச்சிருக்கோம். எங்ககிட்ட மறைச்சா யார் கண்ணுக்குக் கேடு?"

"இப்ப என்ன செய்யறது?"

"கெட்டியா ஒரு லென்ஸ் இருக்கு, அளவெடுத்துப் போட்டா ஓரளவு தெரியும். கருவிழிய உறுதிப்படுத்தற ஒரு சிகிச்ச இப்பதான் சென்னைல வந்திருக்கு, எழுதித்தரேன். இதுக்கு மேல ஏறாம நிறுத்தப் பார்க்கலாம். போனது பூராவும் திரும்பாது. அவங்க சொன்ன மாதிரி ஆறு மாசத்துல போயிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

"அப்ப இது யார் தப்புங்க?" என்றார் தெய்வசிகாமணி. பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்து மேசைமேல் வைக்கப் போனார்.

டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஹேமாவின் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணு நீ. இவ்ளோ தெளிவா எழுதிக் குடுத்திருக்காங்க. ஒரு வருஷம் ஏம்மா போகாம இருந்த? பயமா? கண்ணு போயிடும்னா, ஊசி கீசி போடுவாங்கன்னா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றாள் ஹேமா. "திரும்பப் போகணும்னா சீட்ட அப்பாகிட்ட காட்டணும். எப்ப போன, எவன் கூட போனன்னு கேப்பாரு. அதுக்குத்தான் பயம்."

தெய்வசிகாமணி அவளுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.