தீர்ப்புக்கு ஒரு டீ

சட்டசபை சட்டம் போடும், கோர்ட் சொல்லும், உடனே நடந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இன்னும் நம்புகிற முட்டாள் நான். அரியலூர் கலெக்டர் ஆபீஸ் எதிரே டீக்கடையில் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். மனு கொடுக்க வந்த கூட்டம் மரத்தடியில் துவண்டு கிடக்கிறது. பக்கத்தில் தா.பழூர் விவசாயி ஒருவர். அவர் வயலுக்குப் போகும் வாய்க்காலை மறித்து யாரோ சுவர் எழுப்பிவிட்டார்கள், நாற்று காய்கிறது. எம்.எல்.ஏ. கோர்ட்டுக்குப் போகச் சொன்னாராம். கோர்ட்டும் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டதாம்.

"அப்ப ஜெயிச்சுட்டீங்க! இன்னைக்கு டீ உங்க கணக்குதான்," என்கிறேன்.

"இடிக்க ஆபீஸ்லேர்ந்து ஆள் வரணும்ங்க. வரலை."

"அதான் தீர்ப்பு வந்துடுச்சேண்ணே!"

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுகிறார்.

"தீர்ப்பை வயல்ல பாய்ச்ச முடியுமா சார்?"